வெள்ளி வளையத்துக்குக் கீழே ஒரு விரிசல்

வாங்க வந்தவர்களைப் பயமுறுத்தித் திருப்பி அனுப்புவதையே ஒரு வியாபாரமாக நடத்த முடியுமென்றால், அந்தச் சாதனை மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருந்த பைப் மாமாவைத்தான் சேரும்.

இயற்பெயர் யாருக்கும் தெரியாது. புகை பிடிக்கிற பழைய பைப்புகளை வாங்கிச் சுத்தம் செய்து, மெருகேற்றி, வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்பார். அவருக்குப் புகை ஆகாது. மாமி ஊதுவத்தி கொளுத்தினாலே இருமுவார்.

ஒவ்வொரு பைப்பிலும் நூல் கட்டி ஓர் அட்டை தொங்கும். அதற்கு ஜாதகம் என்று பெயர். ‘தண்டு ஒருமுறை ஒடிந்து ஒட்டியது. வாயில் வைக்கும் பகுதி வேறொரு பைப்பினுடையது. இடது பக்கப் பள்ளம் மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தது.’ எல்லாம் சிவப்பு மையில். நல்ல குணங்களை எழுத அட்டையில் இடம் மிஞ்சாது.

அடையாறிலிருந்து ஒருவர் ஆசையாக வந்தார். மாமா பூதக்கண்ணாடியை நீட்டினார்.

“இங்க பாருங்கோ, ஒட்டு.”

“தெரியலையே சார். பரவால்ல, எடுத்துக்கறேன்.”

“தெரியாம எப்படி எடுத்துப்பேள்? நன்னாப் பாருங்கோ!”

அரை மணி நேரம் பார்த்தும் அவர் கண்ணுக்கு ஒட்டு தெரியவில்லை. அதனால் அவருக்கு பைப்பும் கிடைக்கவில்லை.

“இவர் விக்க உக்காந்திருக்காரா, விரட்ட உக்காந்திருக்காரா?” என்று மாமி உள்ளேயிருந்து கேட்டது கீழே எனக்கே கேட்டது.

அப்படிப்பட்டவரிடமும் ஒரு பைப் விலைபோனது. வாங்கியவர் வேளச்சேரி கார்த்திக். காதலியின் அப்பா ஞாயிற்றுக்கிழமை மாலை முதன்முதலாக வீட்டுக்கு வருகிறார், அவர் பைப் பிரியர், அவர் தலையாட்டினால்தான் கல்யாணம் என்று சொல்லி வாங்கிப்போனார். தண்டில் வெள்ளி வளையம் போட்ட அழகான பைப்.

அந்த ஞாயிறு மாலை மாமா என் கதவை உடைக்காத குறையாகத் தட்டினார்.

“வண்டியை எடுங்கோ! அந்தப் பைப்பை நேக்கு வித்தவர் இப்பத்தான் ஃபோன் பண்ணினார். வெள்ளி வளையம் அழகுக்குப் போட்டதில்லையாம். கீழ விரிசல், அதை மறைக்கப் போட்டதாம். நான் வெறும் அலங்காரம்னு சொல்லிட்டேனே!”

“கார்த்திக்குக்கு ஃபோன் போடுங்க மாமா.”

“பதினாலு தடவை போட்டாச்சு. எடுக்கலை.”

மத்திய கைலாஷ் வருவதற்குள் என் தோள் வீங்கிவிட்டது. பின்னால் உட்கார்ந்த மாமா சிக்னல் பச்சையாகும் முன்பே தோளில் தட்டுவார்; பச்சையானதும் இன்னும் பலமாகத் தட்டுவார். பேசாமல் இறக்கிவிட்டுவிடலாமா என்று இரண்டு முறை யோசித்தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெண்ணின் அப்பா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். கார்த்திக் முகத்தில் ஈயாடவில்லை. யார், என்ன என்று சொல்லாமலே மாமா ஆரம்பித்துவிட்டார்.

“மன்னிக்கணும். வளையத்துக்குக் கீழ விரிசல் இருக்கு. வித்தது நான். இந்தப் பிள்ளைக்குத் தெரியாது.”

எனக்கு உயிரே போயிற்று. கல்யாணத்தைக் கெடுக்க நானே சாரதியாக வந்திருக்கிறேன்!

பெண்ணின் அப்பா செருப்பைக் கழற்றினார்.

“கையில வாங்கினதுமே கண்டுபிடிச்சிட்டேன் சார். இது என்னன்னு கேட்டா, சும்மா அழகுக்குன்னு சொன்னாரு. பரிசுலயே ஏமாத்துறவரு பொண்ணை எப்படி வச்சுப்பாருன்னுதான் கிளம்பிட்டிருந்தேன். தப்பா நினைச்சிட்டேன் தம்பி.”

பத்தே நிமிடத்தில் காபி வந்தது, கேசரி வந்தது, தேதி பார்க்கிற பேச்சும் வந்தது. மாமாவுக்கு இரண்டாவது கிண்ணம் கேசரி.

திரும்பும்போது வேளச்சேரியைத் தாண்டுவதற்குள் மறுபடியும் தோளில் தட்டு.

“பைப்போட விளிம்புல ஒரு கருகல். சொன்னேனோ?”

“மாமா! எல்லாம் நல்லபடியா முடிஞ்சுபோச்சு!”

“அதான் பயமா இருக்கு. அப்புறமாத் தெரிஞ்சா அந்தப் பிள்ளைக்குன்னா கெட்ட பேர்?”

வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டேதான் வண்டியைத் திருப்பினேன். என் பெயர் கெடக் கூடாது என்று இப்படித் தவித்தவர் யாரும் எனக்கு வாய்த்ததில்லை; அந்த மனிதர் பின்னால் உட்கார்ந்து தட்டுவதானால் இன்னும் நூறு தடவை வேளச்சேரிக்குப் போவேன்.