அந்த நடுப்புள்ளி ஓட்டை என்னுடையது

அன்புள்ள சகலை அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். கோப்பை வாங்கியவருக்கு என்ன குறை? என் கொழுந்தியாளுக்கு அன்பைச் சொல்லவும். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நம் துப்பாக்கிக் கழகப் போட்டியில் நாம் இருவரும் சமமாக வந்ததால், ஆளுக்கு ஒரு குண்டு சுடச் சொன்னார்கள் அல்லவா? உங்கள் குறி அட்டையின் நடுப்புள்ளியில் ஓர் ஓட்டை விழுந்திருந்தது. என் அட்டையில் ஒரு கீறல்கூட இல்லை. மாமனார் கோப்பையைக் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டார். அந்த இடத்தில் இருந்தது மூத்த மாப்பிள்ளையான என் கல்யாணப் போட்டோ. அது இப்போது ஃபிரிட்ஜ் மேல், பழைய பேப்பர் கட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. எனக்கு வயிறு எரிகிறது, சகலை. ஒளிப்பானேன்?

துப்பாக்கி ஆடாமல் இருக்க அடியில் வைக்கும் மணல் மூட்டையை நம் இருவருக்கும் தைத்தது என் மனைவிதான். உங்களுக்கு வெல்வெட் திரைச்சீலை, எனக்கு என் பழைய பேன்ட்டின் ஒரு கால். ஏன் என்றேன். "அவரு பல் டாக்டர், நாலு பேர் பார்ப்பாங்க" என்றாள். கடிகாரம் ரிப்பேர் செய்கிறவனை யாரும் பார்க்க மாட்டார்களா? அந்த ஆத்திரத்தில் இன்னொரு காலையும் நானே வெட்டித் தைத்து, மணலைத் திணித்து, முதல் மூட்டைக்கு முன்னால் கம்பீரமாக வைத்தேன். "ஒண்ணு போதும் சார். துப்பாக்கிக் கட்டை அதுமேல உக்காந்தா சரி, நீங்க இறுக்கிப் பிடிக்காதீங்க" என்றார் பயிற்சியாளர். உங்களுக்கு ஒன்று என்றால் எனக்கு இரண்டு இருக்க வேண்டாமா? படுத்தேன். அவர் சொன்னபடி கண்ணை மூடி, மூச்சை விட்டு, கண்ணைத் திறந்தேன். துப்பாக்கி அசையவே இல்லை. துப்பாக்கி மேல் பொருத்திய தொலைநோக்கியில் தெரிந்த அட்டையின் எண்ணைப் பார்க்கத் தோன்றவில்லை, சுட்டேன். கண்ணிலும் வாயிலும் புழுதி அடித்தது, துடைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால் எல்லாம் விளங்குகிறது. காலையிலிருந்து உங்கள் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்ததில் என் உடம்பே அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது! நான் சுட்டது உங்கள் அட்டையில். நீங்கள் சுட்டது அட்டைகளுக்குப் பின்னால் இருக்கும் மண் சுவரில். சுட்டது இரண்டு குண்டு, விழுந்தது ஒரே ஓட்டை, அது என்னுடையது. இதை நீங்களே மாமனாரிடம் சொல்லிக் கோப்பையை வாங்கித் தராவிட்டால் அந்த வீட்டு வாசலை நான் மிதிக்க மாட்டேன்.

மற்றபடி, மூத்தவன் என்ற முறையில் நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் சகலை

பி.கு.: கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தால் கூடமெல்லாம் மணல். இரண்டாவது மூட்டை ஒழுகியிருக்கிறது. தைப்பதற்காகப் பிரித்த என் மனைவி, உள்ளேயிருந்து ஒரு குண்டை எடுத்து என் மேஜைமேல் வைத்தாள். "ரெண்டு குண்டு, ரெண்டு ஓட்டை. கணக்கு சரியாப் போச்சு" என்றாள். பயிற்சியாளருக்குப் போன் செய்தேன். தொலைநோக்கி மேலே, குழல் கீழே. கண்ணுக்கு மறைக்காத மூட்டை குண்டுக்கு மறைக்குமாம். இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை, அதனால் அனுப்புகிறேன். கோப்பையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் குண்டு என் மூட்டையின் சரியான நடுவில் இறங்கியிருக்கிறது. அதையாவது மாமனாரிடம் சொல்லுங்கள்.