வெந்நீர்ப் பரீட்சை

தொட்டிக்குள் விட்ட கையைப் புருஷோத்தமன் வெளியே எடுத்தார். துடைத்துக்கொண்டு மறுபடியும் விட்டார். இரண்டாவது தடவையும் தண்ணீர் சில்லென்றுதான் இருந்தது.

பகல் பதினொரு மணி. பிள்ளைப்பாக்கத்துக்கு மேலே பொட்டு மேகம் கிடையாது. ஆவணி வெயில் தொழிற்சாலை மொட்டைமாடியில் காலை வைக்க விடவில்லை. அந்த வெயிலில் ஐந்து மணி நேரமாகக் கிடந்த சோலார் ஹீட்டரின் தொட்டியில், இப்போதுதான் கிணற்றிலிருந்து சேந்தியதுபோல் தண்ணீர்.

"தாண்டவராயா! காலையில தண்ணி மாத்தினியா இல்லியா?"

ஏணியின் மேல்படியில் வாட்ச்மேன் தாண்டவராயனின் தலை தெரிந்தது. ஒரு கை ஏணியைப் பிடித்திருந்தது. இன்னொரு கையில் மூக்குப்பொடி டப்பா. அதன் வாயைக் கட்டைவிரலால் பொத்தியிருந்தார்.

"ஆறு மணிக்கே மாத்திட்டேன் சார். ஆனா இந்த ஏணிய எடுத்த எடத்துல யாரும் வெக்கறதில்ல சார். நேத்து சாயங்காலமும் அப்படித்தான்..."

"ஏணி கதைய அப்புறம் வெச்சிக்கலாம். மணி பதினொண்ணாச்சி!"

ஒரு மணிக்குப் பரீட்சை. ஜெர்மன்காரர் வெபர் வந்து கீழே இருக்கும் குழாயைத் திறப்பார். தண்ணீரில் தெர்மாமீட்டரை விடுவார். ஐம்பத்தைந்து டிகிரி காட்ட வேண்டும்.

வெபர் இந்தத் தொழிற்சாலைக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. சோலார் ஹீட்டர் செய்யக் கற்றுக்கொடுக்க வந்த மனிதர், முதல் மூன்று வாரம் ஹீட்டர் என்ற பேச்சையே எடுக்கவில்லை. ஆளுக்கொரு இரும்புக்கட்டியும் ஒரு அரமும் கொடுத்து, நாலு பக்கமும் சமமாக வரும்வரை ராவச் சொன்னார். லைன் சூப்பர்வைசராகப் பதினான்கு வருஷம் இருந்த புருஷோத்தமனுக்கு அது பெருத்த அவமானமாக இருந்தது. கட்டியை மெஷின் ஷாப்புக்குக் கொடுத்தனுப்பி, இரண்டே நிமிஷத்தில் பளபளவென்று வாங்கி வந்துவிட்டார். வெபர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்தது நோட்டு. தினமும் என்ன வேலை செய்தோம், எது கெட்டுப்போனது, எப்படிக் கண்டுபிடித்தோம் என்று அதில் எழுத வேண்டும். சாயங்காலம் வெபர் வந்து, தமக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இன்றைக்கு எது சரியில்லை?"

"நோ ப்ராப்ளம் சார்" என்பார் புருஷோத்தமன். நோட்டிலும் அதையேதான் எழுதினார். நூற்றுச் சொச்சம் பக்கம் நோ ப்ராப்ளம்.

பயிற்சி எடுத்தவர்கள் இரண்டே பேர்தான். இன்னொருவர் வெல்டிங் செக்‌ஷன் சாம்சன். இரண்டு பேரில் ஒருவருக்கு ஒரு வருஷம் ஜெர்மனி. திரும்பி வந்தால் புதிதாகத் தொடங்கப்போகும் பயிற்சிக்கூடத்துக்கு அவர்தான் தலைவர்.

தமக்குத்தான் என்று புருஷோத்தமன் முடிவு செய்து ஒரு மாதம் ஆகிறது. மனைவி ஜோதி அதை வடக்குப்பட்டு முழுக்கச் சொல்லிவிட்டாள். பாரிமுனைக்குப் போய் ஒரு கம்பளி ஸ்வெட்டரும் வாங்கி வந்தாகிவிட்டது. ஆடிக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டையில் முருகனுக்கு மொட்டையும் போட்டாயிற்று. காரியம் முடிந்த பிறகுதானே வேண்டுதலை நிறைவேற்றுவார்கள் என்று யாரோ கேட்டதற்கு, "அட்வான்ஸா இருக்கட்டும்" என்றார்.

ஆகவே இப்போது வெயிலில் நன்றாகச் சூடாகியிருந்தது அவர் தலை ஒன்றுதான்.

நேற்று சாம்சனின் பரீட்சை. பாவம், அவர் ஹீட்டரிலும் தண்ணீர் சுடவில்லை. மனிதர் வெபரின் எதிரிலேயே சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஸ்பானரோடு ஹீட்டரைக் கழற்ற உட்கார்ந்துவிட்டார். மூன்று மணி வரைக்கும் பச்சைத் தண்ணீர்தான். கடைசியில் கிரீஸ் கையோடு எதையோ கொண்டுபோய் வெபரிடம் கொடுத்தார். வெபர் முதுகில் தட்டிக் கொடுத்தார். தோற்றவனுக்கு ஆறுதல் சொல்கிறார் என்று கேன்டீன் முழுக்கப் பேசிக்கொண்டார்கள். புருஷோத்தமன்தான் முதலில் பேசினார்.

இப்போது அவரும் ஹீட்டரைச் சுற்றி வந்தார். தண்ணீர் சூடேறும் கண்ணாடிப் பெட்டியிலிருந்து தொட்டிக்குப் போகும் மேல் குழாயைத் தொட்டவர், "ஆ!" என்று கையை உதறினார். குழாய் கொதித்தது. தொட்டி குளிர்ந்தது. இதில் ஏதோ இருக்கிறது என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் கழற்றினால் இரண்டு மணி நேரம் ஆகும். கழற்றினவன் கதி என்ன ஆனது என்று நேற்றுத்தான் பார்த்தாயிற்று.

"சாம்சன் சார் மாதிரி கழட்டிப் பாக்கலாமா சார்?" என்றார் தாண்டவராயன்.

"யோவ், பழுது கீதுன்னு தெரிஞ்சாலே மார்க்கு போச்சி. நம்மளுக்குத் தேவை வெந்நீர். அது எங்க கீது?"

தாண்டவராயன் யோசித்தார். "கேன்டீன்ல கீது சார்."

கேன்டீனில் கிளியம்மாள் இருநூறு பேர் சாப்பாட்டுக்கு இரண்டு அண்டாவில் உலை வைத்திருந்தார். ஒன்றில் அப்போதுதான் அரிசி போட்டார். இன்னொன்று தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

"யக்கா, அந்த அண்டா தண்ணி எனக்கு வோணும்."

"இன்னா சூப்ரேசரு, குளிக்கப் போறியா?"

"ஜெர்மனிக்குப் போறேன்."

"போறவன் குளிச்சிட்டுத்தான் போவணும், வாஸ்தவம். ஆனா இது சோத்துக்கு வெச்ச உலை. பன்னண்டரைக்கு பெல் அடிச்சா ஷிப்டுக்காரங்க என்னிய உலையில போட்ருவாங்க."

"யக்கா, வந்ததும் உனக்கு ஒரு ஜெர்மன் குக்கர் வாங்கினு வரேன்."

"இருநூறு பேருக்கு சமைக்கறாப்பல வருமா?"

"வரும்."

அண்டா கைமாறியது.

தொட்டியிலிருந்த பச்சைத் தண்ணீரில் முக்கால்வாசியைத் திறந்துவிட்டார்கள். பிறகு ஒவ்வொரு பக்கெட்டாகக் கொதிநீரை ஏணியில் ஏற்றினார்கள். தாண்டவராயன் மேலிருந்து வாங்குவார். புருஷோத்தமன் கீழிருந்து ஏறிக் கொடுப்பார். மூன்றாவது பக்கெட்டின்போது காற்று அடித்தது. பக்கெட்டை வாங்க இரண்டு கையும் வேண்டியிருந்ததால் தாண்டவராயன் பொடி டப்பாவைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்திருந்தார். டப்பாவில் இருந்ததில் பாதி நேராகப் புருஷோத்தமனின் மூக்கில் ஏறியது.

ஏணியின் நடுவில், கையில் கொதிநீருடன் ஒரு மனிதனுக்குத் தும்மல் வரக்கூடாது. அவருக்கு ஏழு வந்தது. பக்கெட்டில் பாதி அவர் கால்மேல் கொட்டியது.

"ஐயோ! டப்பாவ மூடித் தொலையேன்யா!"

"மூடலாம் சார், ஆனா..."

"பேசாத! அடுத்த பக்கெட்ட தூக்கு!"

பன்னிரண்டரைக்குத் தெர்மாமீட்டர் நாற்பத்தாறு காட்டியது. இன்னும் ஒன்பது டிகிரி வேண்டும். அண்டா காலி. புருஷோத்தமன் நொண்டிக்கொண்டே மறுபடி கேன்டீனுக்கு ஓடினார். பெல் அடித்துவிட்டிருந்தது. தட்டைத் தட்டிக்கொண்டு நூறு பேர் வரிசையில் நின்றார்கள். கிளியம்மாள் ஒரு அண்டாச் சோற்றை வடித்துவிட்டு, இரண்டாவது அண்டாவுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் கரண்டியோடு நின்றார்.

"யக்கா, இன்னும் கொஞ்சம் வெந்நீரு..."

"வெந்நீரா? இந்தா, என் கண்ணீரு கீது, எடுத்துனு போ! சோறு எங்கன்னு கேக்கறானுங்க, பதில் நீ சொல்றியா?"

அப்போதுதான் அவர் கண்ணில் அது பட்டது. வடித்த கஞ்சி. பெரிய பாத்திரம் நிறைய, ஆவி பறந்துகொண்டிருந்தது.

மேலே கொண்டுபோய் அதைத் தொட்டியில் கவிழ்க்கும்போது மட்டும் புருஷோத்தமனின் கை சற்றே தயங்கியது. பைப்பு வெட்டி, பற்றவைத்து, கறுப்புப் பெயின்ட் அடித்து, நாற்பது நாளில் அவரே தம் கையால் செய்த ஹீட்டர் அது. மெஷின் ஷாப்புக்கு அனுப்பாமல் அவர் செய்த ஒரே வேலையும் அதுதான். அதற்குப் போய்க் கஞ்சி ஊற்றுகிறோமே என்று அவருக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. ஆனால் ஸ்வெட்டர் வாங்கியாகிவிட்டது.

சரியாக ஒரு மணிக்கு வெபர் வந்தார். கூடவே மேனேஜர் ராஜாமணி, நோட்டும் கையுமாக. வெபர் குழாய்க்கு எதிரில் நின்று, வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"இன்றைக்கு எது சரியில்லை?"

கேட்டுவிட்டுப் புருஷோத்தமனின் முகத்தையே பார்த்தார். அவசரமே இல்லாத பார்வை. சொல்லிவிடலாமா என்று புருஷோத்தமனுக்கு ஒரு நொடி தொண்டைவரை வந்தது. தண்ணீர் சுடவில்லை, ஏன் என்று தெரியவில்லை, அவ்வளவுதானே சொல்ல வேண்டும். பதினான்கு வருஷத்தில் எந்த மேலதிகாரியிடமும் சொல்லாத வார்த்தை, உடனே வாயில் வந்துவிடுமா?

"நோ ப்ராப்ளம் சார்."

வெபர் குழாயைத் திறந்தார். ஆவி பறக்க, வெள்ளை வெளேரென்று கொழகொழவென்று இறங்கியது. தெர்மாமீட்டர் அறுபத்தெட்டைத் தொட்டது. வெபரின் இரண்டு புருவமும் ஏறிக்கொண்டே போயின. குனிந்து முகர்ந்தார். ஒரு சொட்டை நாக்கில் வைத்தார்.

"சால்ட்?" என்றார்.

கிளியம்மாள் உலையிலேயே உப்புப் போட்டுச் சோறு வடிப்பவர் என்பது அந்தத் தொழிற்சாலைக்கே தெரியும்.

"போர்வெல் தண்ணி சார். இந்தப் பக்கம் எல்லாம் இப்படித்தான், கொஞ்சம் உப்புக் கரிக்கும்" என்றார் புருஷோத்தமன். ராஜாமணி அதை இங்கிலீஷில் சொல்லிவிட்டு, "வெள்ளையா வருதேய்யா?" என்று காதோரம் கேட்டார்.

"சுண்ணாம்புச் சத்து சார்."

வெபர் நிமிர்ந்து மாடியைப் பார்த்தார். ஏணியைப் பார்த்தார். அதில் ஒட்டியிருந்த இரண்டு சோற்றுப் பருக்கைகளையும் பார்த்தார். பிறகு புருஷோத்தமனுக்கு முன்னால் உள்ளங்கையை விரித்து நீட்டினார்.

புருஷோத்தமன் பாய்ந்து பிடித்துக் குலுக்கினார்.

வெபர் கையை விடுவித்துக்கொண்டு, மறுபடியும் அதேபோல் விரித்து நீட்டினார். எதையோ வாங்கிக்கொள்ளக் காத்திருக்கும் கை. புருஷோத்தமன் ராஜாமணியைப் பார்த்தார். ராஜாமணி உதட்டைப் பிதுக்கினார். நீட்டிய கையில் எதையாவது வைத்தாக வேண்டுமே என்று பைக்குள் துழாவியதில் வல்லக்கோட்டை விபூதிப் பொட்டலம் அகப்பட்டது. பிரித்து, பயபக்தியோடு வெபரின் உள்ளங்கையில் வைத்தார்.

வெபர் விபூதியைப் பார்த்தார். புருஷோத்தமனின் மொட்டைத் தலையைப் பார்த்தார். ராஜாமணியிடம் மெதுவாக ஏதோ சொல்லிவிட்டு, விபூதியைக் கைக்குட்டையில் பத்திரமாக மடித்துக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தார்.

"இன்னா சார் சொன்னாரு?" புருஷோத்தமனுக்கு மூச்சு வாங்கியது.

"முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு ஹீட்டரை அவர் பார்த்ததே இல்லையாம்யா. எப்படி வெந்நீர் வந்துதுன்னு யோசிச்சா தூக்கம் வராதாம். முடிவை நாளைக்குச் சொல்றாராம்." ராஜாமணி முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே போனார்.

புருஷோத்தமனுக்குக் காலில் இருந்த கொப்புளம்கூட இனித்தது. தூக்கம் வராதாம்! சாம்சனைப் பார்த்தால் நாலு வார்த்தை ஆறுதலாகப் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். முதலில் ஜோதிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். கேன்டீன் பக்கம் மட்டும் இன்றைக்குத் தலைகாட்டக் கூடாது.

அப்போது மறுபடியும் காற்று அடித்தது. அவருக்கு மறுபடியும் தும்மல் வந்தது, இந்தத் தடவை ஒன்பது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், ஏணியைத் தோளில் தூக்கியபடி தாண்டவராயன், கட்டைவிரல் நழுவிய டப்பாவோடு நின்றிருந்தார்.

"யோவ், ரெண்டு நாளா தெறந்த டப்பாவ தூக்கினு ஊரையே தும்ம வெக்கிறியே, இதுக்கு மூடின்னு ஒண்ணு கெடையாதா?"

"அத என்னிய ஏன் சார் கேக்கறீங்க? அந்த ஜெர்மன்காரருதான் ரெண்டு நாளா சாயங்காலம் ஏணி போட்டு ஏறி, என் டப்பா மூடிய ஹீட்டர் பைப்புக்குள்ள வெச்சி அடைச்சிட்டுப் போறாரு. சாம்சன் சாரு நேத்தே அத கழட்டி எடுத்து அவரு கையில குடுத்துட்டாரு, நீங்க எப்ப சார் குடுப்பீங்க?"