எச்சிலில் வந்த குகைநரி

ஒரு காட்டில், ஒரே மலையின் மேற்குச் சரிவில் சில நரிகளும் கிழக்குச் சரிவில் சில நரிகளும் குடியிருந்தன. வடக்கே குளிர்மலையில் முன்னொரு காலத்தில் குகைநரி என்றொரு இனம் வாழ்ந்து அழிந்துபோயிருந்தது. தடித்த புருவம், குட்டைக் கழுத்து. மேற்குச் சரிவில் யாரையாவது கேவலமாகத் திட்ட வேண்டுமானால் 'குகைநரி' என்பார்கள்.

மேற்குச் சரிவின் தலைவர் கூர்வாயர். அவர் மகள் செம்பி, கிழக்குச் சரிவுப் பூவாலனைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். கிழக்கத்தியார் ரத்தத்தில் குகைநரி கலந்திருக்கிறது, அது தன் வளைக்குள் வராது என்று கூர்வாயர் மறுத்துவிட்டார். செம்பி இரை எடுப்பதை நிறுத்தினாள்.

அந்தச் சமயத்தில் ஒரு தேவாங்கு இலுப்பை மரத்தடியில் எச்சில் பரிசோதனை நிலையம் திறந்தது. எச்சிலைப் பார்த்துப் பூர்வீகம் சொல்லுமாம். மகளின் வாயை அடைக்க இதுவே வழி என்று கூர்வாயர் எல்லாத் திசை நரிகளுக்கும் சொல்லியனுப்பினார். டோக்கன் வாங்கி வரிசையில் நின்றார்கள். எச்சில் ஊறாதவர்களுக்குச் செல்போனில் எலும்புப் படம் காட்டப்பட்டது.

முடிவைத் தேவாங்கு நிதானமாகச் சொன்னது. மேற்கத்தியாரிடம் நூற்றில் இரண்டு பங்கு குகைநரி. கிழக்கத்தியாரிடம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். மலைக்குக் கீழே ஆற்றுக்குத் தெற்கே இருக்கும் நரிகளிடம் ஏறக்குறைய இல்லை. அவர்களின் முன்னோர் குளிர்மலைப் பக்கம் போனதேயில்லை.

கூர்வாயர் வளைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது. குகைநரிகள் பனியிலேயே பிறந்து வளர்ந்த வீரப் பரம்பரை என்று அறிவித்தார். புருவத்தைத் துருத்திக்கொண்டு நடக்கப் பழகினார்.

செம்பிக்கு நம்பிக்கை பிறந்தது. சம்பந்தம் பேச ஆள் போனது. பூவாலனின் தந்தை திருப்பி அனுப்பிவிட்டார். வீரம் குறைந்த இடத்தில் பெண் எடுப்பதில்லையாம். பூவாலன் மன்றாடிப் பார்த்தான்.

"அப்பா, அவங்களுக்கும் நமக்கும் ஒரு துளிதான் வித்தியாசம்."

"அந்தத் துளியிலதாம்ப்பா நம்ம மானமே இருக்கு."

மறுநாள் செம்பியும் பூவாலனும் ஆற்றைக் கடந்து தெற்கே போனார்கள். தெற்கத்தியார் வளை தோண்ட இடம் காட்டினார்கள். பூர்வீகம் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. செம்பி வயிறாரச் சாப்பிட்டாள்.

செய்தி எட்டியதும் இரண்டு தந்தையரும் மலையுச்சியில் சந்தித்தார்கள். அவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்டது அதுவே முதல்முறை. பிள்ளைகளைத் தலைமுழுகினார்கள். குகைநரி கலக்காத தெற்கத்தியார்தான் தாழ்ந்தவர்கள் என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். அன்றிலிருந்து இரு சரிவுகளுக்கும் இடையே சண்டையே இல்லை.

நீதி: தாழ்ந்தவர் யார் என்று முதலில் முடிவுசெய்துகொண்டு, பிறகு பரிசோதனைக்குப் போங்கள், எச்சில் ஒத்துழைக்கும்.