ஆறு மாதம் உரசிய பிரேக்

புரூஃப் சார் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது முழங்கால் இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. வெளியே மழை. இந்த நிலையில்தான் அந்தச் சபதம் எடுக்கப்பட்டது.

"இந்த வருஷமும் அள்ளு வண்டில ஏறினேன்னு வை, அன்னியோட சைக்கிளுக்கு ஒரு கும்பிடு. அப்புறம் காலையில எங்கேயும் போக மாட்டேன். வீட்டோட கிடப்பேன்."

முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த அவர் மனைவியின் கை நின்றது.

"தினமுமா?"

"தினமும்தான்."

"அவசரப்பட்டு ஒண்ணும் முடிவு பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். முன்னைவிடக் கொஞ்சம் அழுத்தியே தேய்த்தாள்.

ஊர் சைக்கிள் கழகம் வருஷத்துக்கு ஒரு முறை நூறு கிலோமீட்டர் ஓட்டம் நடத்தும். ஆறு மணி நேரம் கெடு. முடித்தால் கழுத்தில் ஒரு தகரப் பதக்கம், அவ்வளவுதான். எல்லோருக்கும் பின்னால் ஒரு வேன் ஊர்ந்து வரும். அது யாரை எட்டிப் பிடிக்கிறதோ அவரைச் சைக்கிளோடு அள்ளிப் போட்டுக்கொள்ளும். அதுதான் அள்ளு வண்டி. போன வருஷம் அறுபத்திரண்டாவது கிலோமீட்டரில் புரூஃப் சாரை அள்ளியது. உள்ளே ஏற்கெனவே நான்கு பேர் இருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அந்த ஈரக் காலுறை வாசனை பத்து மாதமாகியும் அவர் மூக்கை விட்டுப் போகவில்லை.

அவர் அச்சகத்தில் புரூஃப் திருத்துகிறவர். இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் பிழையைச் சிவப்பு மையால் சுழித்துச் சம்பளம் வாங்குகிறார். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தால், வாழ்த்துவதற்கு முன்னால் விடுபட்ட ஒற்றெழுத்தைக் காட்டுவார். அதனால் இப்போதெல்லாம் அவருக்குப் பலர் போனிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

இந்த வருஷப் பயிற்சி ஆரம்பத்திலிருந்தே விளங்கவில்லை. முதலில் ஜுரம். அது விட்டதும் மழைத் தண்ணீர் தேங்கிய ஒரு குழி. அதன் ஆழத்தை அவருடைய முன்சக்கரம்தான் முதலில் கண்டுபிடித்தது. தோள்பட்டை வீங்கியது. தோள் வற்றியதும் முழங்கால். மூன்று வாரம் சைக்கிளைத் தொடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அவர் சைக்கிளைத் தொடவில்லை. வீட்டைத் தொட்டார். வழக்கமாகக் காலை ஐந்து மணிக்குக் கிளம்பி ஏழு மணிக்குத் திரும்புகிறவர், அந்த மூன்று வாரமும் ஐந்து மணிக்கே சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"டப்பாவில 'சக்கரை'ன்னு எழுதியிருக்கே. நடுவுல 'ர்' எங்க?"

"உள்ளதான் கிடக்கும். கலக்கிக் குடிங்க."

"அடுப்பு இடப்பக்கமா சாஞ்சிருக்கு."

"பதினேழு வருஷமா சாஞ்சுதான் இருக்கு."

"பதினேழு வருஷமா ஒருத்தரும் கவனிக்கலையா?" என்று பெருமூச்சு விட்டு ஜன்னலைப் பார்த்தார். "இந்த மழை நிக்காது. நிக்கலைன்னா ரோடெல்லாம் சேறு. சேறுன்னா வழுக்கும். வழுக்கினா திரும்பவும் இதே முழங்கால்தான்."

"டீ ஆறுதுங்க."

"ஆறட்டும். எல்லாமே ஆறித்தானே போகுது."

அவளுக்கு வேலை குடிநீர் அலுவலகத்தில், புகார் மேசையில். பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரை, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கத்துகிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அங்கே ஞாயிற்றுக்கிழமை விடுமுறை உண்டு.

நான்காவது வாரம் சைக்கிளை வெளியே எடுத்தார். கால் ஒத்துழைத்தது, வேகம் ஒத்துழைக்கவில்லை. பாலத்து ஏற்றத்தில் ரொட்டிக் கூடை கட்டிய ஒரு சைக்கிள் பின்னாலிருந்து மணி அடித்து வழி கேட்டது. வழி விட்டார். கூடை தாண்டிப் போனதும் கூடவே ரொட்டி வாசனையும் தாண்டிப் போனது. அந்த இடத்திலேயே காலை ஊன்றி நின்று தீர்ப்பு எழுதினார்: குற்றம் சைக்கிளுடையது.

சைக்கிள் கடை ஒரு சரிவான தெருவின் உச்சியில் இருந்தது. வாங்குவதற்கு முன்னால் ஓட்டிப் பார்க்கலாம் என்று கடைக்காரர் பலகையே மாட்டியிருந்தார். அந்தப் பலகைக்காக அவர் பின்னால் எவ்வளவு வருந்தப் போகிறார் என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

புரூஃப் சார் முதல் சைக்கிளில் ஏறித் தெருக்கோடி வரை போனார். காதில் காற்று ஊதியது.

"எப்படி சார் இருக்கு?"

"பறக்குதய்யா!"

இறக்கத்தில் எதுதான் பறக்காது? திரும்பி வரும்போது இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார். அடுத்தவர் சைக்கிளை ஏற்றத்தில் வருத்தக் கூடாதாம். மூன்று ஞாயிறுகளில் ஒன்பது சைக்கிள்கள் இப்படிக் கீழே பறந்து மேலே நடந்து வந்தன. ஒன்று ஒற்றை விரலில் தூக்கும் அளவுக்கு இலேசு. ஆனால் இருக்கை கத்தி மாதிரி. ஒன்றில் குனிந்து பிடித்தால் தரை மட்டும்தான் தெரிந்தது. பேட்டரி வைத்த சைக்கிளை மட்டும் தன்மானம் இடம் கொடுக்காது என்று மறுத்தார், நான்கு தடவை ஓட்டிப் பார்த்த பிறகு. மழைக்காலமாகையால் ஒவ்வொன்றும் சேற்றோடு திரும்பியது. கடைக்காரர் ஒன்பதையும் கழுவித் துடைத்து மறுபடி வரிசையில் நிறுத்தினார். முதல் ஞாயிறு டீ வாங்கிக் கொடுத்தவர், மூன்றாவது ஞாயிறு இவரைக் கண்டதும் கடைக்குள் போய் எதையோ தேட ஆரம்பித்தார்.

வீட்டில் விஷயத்தை மெல்ல எடுத்தார்.

"பழைய சைக்கிள் உதவாதுன்னு தோணுது."

"ஏன், அதுக்கென்ன?"

"உனக்குச் சொன்னா புரியாது."

"சரி, புரிஞ்சவர் சொல்லட்டும். கடைக்காரர் என் முன்னாடி அது உதவாதுன்னு சொல்லிட்டா, அன்னிக்கே புதுசு வாங்கிக்கோங்க. நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

புரூஃப் சாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மறுநாள் மாலையே கடைக்குப் போய்க் கடைக்காரரை ஓரமாக அழைத்தார்.

"ஞாயித்துக்கிழமை வீட்டம்மாவோட வர்றேன். ஃபிரேம்ல விரிசல் விட்டிருக்கு, ஓட்டினா உயிருக்கே ஆபத்துன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"விரிசல் இல்லையே சார்."

"இருந்தா நான் எதுக்கு உங்ககிட்ட வர்றேன்?"

கடைக்காரர் தலையாட்டினார். புரூஃப் சார் சந்தோஷத்தோடு வீடு திரும்பினார். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அன்று இரவுச் சாப்பாட்டுப் பாத்திரங்களை அவரே கழுவி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கடைக்காரர் பழைய சைக்கிளை ஸ்டாண்டில் தொங்கவிட்டு, ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு பெடலைச் சுற்றினார். பின்சக்கரம் நான்கு சுற்றுச் சுற்றி, கிறீச்சென்று நின்றது. இன்னொரு தடவை சுற்றினார். மறுபடி நின்றது.

"சார்... இதையா ஓட்டிக்கிட்டிருந்தீங்க?"

"ஆமா. ஏன், ஃபிரேம்லதானே...?" என்று புரூஃப் சார் கண்ணைச் சிமிட்டினார்.

"ஃபிரேமை விடுங்க, அதுமேல லாரி ஏறினாலும் ஒண்ணும் ஆகாது. பின் பிரேக் ரிம்மைப் பிடிச்சுக்கிட்டே இருக்கு சார். குறைஞ்சது ஆறு மாசமா உரசியிருக்கும். ஆறு மாசமா பிரேக்கைப் போட்டுக்கிட்டே ஓட்டியிருக்கீங்க! வேற ஆளா இருந்தா பத்து நாள்ல படுத்திருப்பான். அது காலா சார், இல்ல இரும்பா?"

புரூஃப் சார் கணக்குப் போட்டார். விரிசல் என்று வற்புறுத்தினால் புதுச் சைக்கிள் கிடைக்கும். பிரேக் என்று ஒத்துக்கொண்டால் இரும்புக் கால் கிடைக்கும். ஆறு மாதமாக ஒருவரும் அவரைப் பார்த்து நல்லதாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

"எனக்கே சந்தேகம்தான்" என்றார் கம்மிய குரலில். "என்னடா, இவ்வளவு மிதிக்கிறோமேன்னு."

"புதுசு பார்க்கலாமா?" என்று மனைவி கேட்டாள்.

"எதுக்கு? பிரேக்கைச் சரிபண்ணினா போதும்."

கடைக்காரர் ஒரு ஸ்க்ரூவை அரை திருகு திருகினார். சக்கரம் நிற்காமல் சுற்றியது. புரூஃப் சார் அதையே பார்த்துக்கொண்டு நின்றார், பிள்ளை நடப்பதைப் பார்க்கிற மாதிரி.

அடுத்த இரண்டு வாரமும் ஐந்து மணி அடிக்கும் முன்னே கிளம்பினார். வேகம் என்னவோ பழைய வேகம்தான். கைக்கடிகாரம் அதை ஒளிக்காமல் காட்டியது. கால் இன்னும் பழைய சுமையை மறக்கவில்லை, போகப் போகச் சரியாகிவிடும் என்று அவர் கடிகாரத்தைத் திருத்தினார். அச்சகத்தில் ஒவ்வொரு மேசையிலும் நின்று பிரேக் கதையைச் சொன்னார். ஆறு மாதம் என்பது ஒரு வாரத்தில் எட்டு மாதமாக வளர்ந்திருந்தது.

ஓட்டத்தன்று விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. முப்பதாவது கிலோமீட்டரில் முன்னால் போனவர்கள் கண்ணுக்கு மறைந்தார்கள். ஐம்பதில் முழங்கால் பேச ஆரம்பித்தது. அறுபதில், இத்தனை பெரிய சாலையில் தான் ஒருவன் மட்டும் நனைந்துகொண்டு எதற்காக மிதிக்கிறோம் என்று அவருக்கு அழுகை வந்தது. மழையில் அழுவதில் ஒரு சௌகரியம், யாருக்கும் தெரியாது. பின்னாலிருந்து ஹாரன் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே இறங்கினார்.

போன வருஷம் அறுபத்திரண்டு. இந்த வருஷம் அறுபத்து மூன்று.

வேனுக்குள் மூன்று பேர் தலையைத் தொங்கப் போட்டிருந்தார்கள். புரூஃப் சார் மட்டும் சிறிது நேரத்தில் நிமிர்ந்தார்.

"எட்டு மாசம் பிரேக் உரசின சைக்கிள்ல பழகினேன்" என்றார். "பிரேக்கை எடுத்து ரெண்டு வாரம்தான் ஆச்சு."

மூன்று பேரும் நிமிர்ந்து அவர் காலைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில்தான் அவருக்கு அந்த யோசனை பிறந்தது. தவறு பிரேக்கில் இல்லை, பிரேக்கை எடுத்ததில்! சுமையோடு பழகிய கால்தான் இரும்புக் கால். அடுத்த வருஷம் முழுக்கப் பிரேக்கை இறுக்கி வைத்துப் பழக வேண்டும். ஓட்டத்துக்கு முந்தின நாள் தளர்த்தினால் போதும், யாராலும் பிடிக்க முடியாது. ஆகவே இது தோல்வியே இல்லை, சபதத்தையும் இப்போதைக்குக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை.

மறுநாள் மாலை நொண்டிக்கொண்டே கடை ஏறினார்.

"பின் பிரேக்கை இறுக்கணும். முன்னாடி எப்படி உரசிச்சோ, அதே மாதிரி."

கடைக்காரர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"அது முடியாது சார்."

"ஏன்?"

"முன்னாடி எங்க உரசிச்சு? அது நல்லாத்தான் இருந்துச்சு. அன்னிக்கு என் வலது கை பெடல்ல இருந்ததைப் பார்த்தீங்க. இடது கை எங்க இருந்துச்சுன்னு பார்த்தீங்களா? பிரேக்ல இருந்துச்சு."

வருஷக்கணக்காக ஒரு புள்ளியைக்கூடத் தப்பவிடாத கண், அந்த இடது கையைத் தப்பவிட்டிருந்தது.

"நான் உங்களை விரிசல்னுதானே சொல்லச் சொன்னேன்!"

"நீங்க சொல்லிட்டுப் போன மறுநாள் அக்கா வந்தாங்க சார். பிரேக்னு சொல்லுங்க, அப்புறம் ஓட்டிப் பார்க்கிறேன்னு இந்தப் பக்கமே வர மாட்டார்னாங்க. ஒன்பது சைக்கிள் கழுவினவன் சார் நான். எனக்கு வேற வழி?"

அன்று அவர் சைக்கிளில் ஏறவில்லை. இறக்கத்திலும் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் ஈரச் சட்டையோடு நடுக்கூடத்தில் நின்றார்.

"பொய் சொல்ல வெச்சிருக்கே."

அவளுக்கு உடனே புரிந்தது. மறைக்கவும் இல்லை.

"பொய் சொல்லச் சொன்னது நீங்க. நான் வேற பொய்யா மாத்தச் சொன்னேன், அவ்வளவுதான்."

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நீங்க பாத்திரம் கழுவினீங்க. சந்தேகம் வராதா?"

அவர் உட்கார்ந்தார். கோபம் வரும் என்று காத்திருந்தார், வரவில்லை. துக்கம்தான் வந்தது.

"அப்போ பிரேக்லயும் கோளாறு இல்ல. ஃபிரேம்லயும் இல்ல."

"இல்ல."

"என்கிட்டதான் கோளாறு."

அவள் மடித்த சட்டையை மறுபடி பிரித்து மடித்தாள். இந்த மனிதர் இப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

"கோளாறு இல்லைங்க. உங்க வேகம் அவ்வளவுதான்."

அதைவிட அவள் கோளாறு என்றே சொல்லியிருக்கலாம். புரூஃப் சார் எழுந்து, சைக்கிள் சாவியை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தார்.

"சபதம் பண்ணினேன், முடிஞ்சுபோச்சு. இதைத் தூக்கி உள்ள வை. நாளையிலிருந்து காலையில நான் வீட்லதான்."

அவள் முகம் வெளுத்தது. கையிலிருந்த துணி நழுவியது. பத்தொன்பது வருஷத்தில் தனக்காக அவள் இப்படிக் கலங்கி அவர் பார்த்ததில்லை. அவர் நெஞ்சு இளகியது.

"என்மேல உனக்கு இவ்வளவு நம்பிக்கையா? நான் நூறு கிலோமீட்டரை முடிச்சுடுவேன்னு இன்னுமா நினைக்கிறே?"

அவள் சாவியை எடுத்து அவர் சட்டைப் பையிலேயே திரும்பப் போட்டு, மேலே ஒரு தட்டும் தட்டினாள்.

"நூறு வேண்டாங்க, பத்துகூட வேண்டாம். அஞ்சு மணிலேர்ந்து ஏழு மணி வரைக்கும் நீங்க வீட்ல இல்லாம இருந்தா போதும்."