பெண் பார்க்கும் நாளும் ஏர்கோன் பில்டரும்

கார்க் கதவைத் திறந்த வேகத்திலேயே பியாட்ரிஸ் அதை மூடிவிட்டாள்.

"என்னங்க, உள்ள என்னமோ செத்துக் கெடக்கு!"

"ஒண்ணும் சாகல," என்றார் அவள் கணவர் ஸ்டானிஸ்லாஸ். "கட்டிப்பால் நாத்தம்லா இது. ரப்பர்ப் பால் கோப்பையிலேயே உறைஞ்சு கெட்டுப்போனா இப்படித்தான் நாறும். எஸ்டேட்ல பொறந்தவனுக்குத் தெரியாதா?"

"ஈப்போ டவுன்ல நிக்கிற காருக்குள்ள கட்டிப்பால் எப்படி வந்துச்சு?"

அதற்கும் ஸ்டானிஸ்லாஸிடம் பதில் இருந்தது. எதற்கும் அவரிடம் பதில் இருக்கும். சரியான பதிலா என்பது வேறு விஷயம். மகள் ஜானிஸ் வாராவாரம் பாட்டுப் பயிற்சிக்கு இந்தக் காரில்தான் கோப்பெங் தேவாலயத்துக்குப் போய் வருகிறாள். வழியில் ஏதாவது ரப்பர் லாரிக்குப் பின்னால் மாட்டியிருப்பாள். அந்த நாற்றத்தைக் குளிர்காற்று வரும் ஏர்கோனின் பில்டர் பிடித்து வைத்திருக்கிறது. அவ்வளவுதான்.

வேறொரு நாளாக இருந்தால் அவரும் சும்மா விட்டிருப்பார். இன்று மத்தியானம் கமுந்திங்கிலிருந்து ஜானிஸைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை கோலின், ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். கூட வரும் அவன் அம்மா, ஆஸ்பத்திரியில் தலைமைத் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். போன மாதம் ஒரு வீட்டில் திரைச்சீலையில் தூசி வாடை அடிக்கிறது என்று சொல்லி நல்ல பெண்ணையே வேண்டாம் என்றவர். இருவரையும் ரயில் ஸ்டேஷனிலிருந்து இந்தக் காரில்தான் அழைத்து வர வேண்டும்.

ஏற்கெனவே மூன்று வரன்கள் தட்டிப் போயிருந்தன. ஒருவன் குள்ளம், ஒருவன் அதிகம் பேசுகிறான், இன்னொருவனைப் பார்த்தால் குறட்டை விடுவான் போலிருக்கிறது என்று ஜானிஸ் சொல்லிவிட்டாள். இந்த முறை ஸ்டானிஸ்லாஸ் அவளைக் கேட்கவே இல்லை. இதுவும் கைநழுவிப் போனால் அவர் மனசு தாங்காது.

"புந்தோங்ல ஜெயபாலனோட கார் சாமான் கடைக்குக் கொண்டு போங்க. சட்டுனு மாத்திக் குடுத்துருவான்," என்றாள் பியாட்ரிஸ்.

"ஒரு பில்டரக் கழட்ட கடைக்குப் போகணுமா? அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்?"

போன வருஷம் குளியலறைக் குழாயைப் பழுதுபார்த்தபோதும் அவர்தான் இருந்தார். இன்றுவரை வாளியில்தான் குளிக்கிறார்கள்.

ஜானிஸ் வாசலுக்கு ஓடி வந்தாள். "அப்பா, பில்டர்ல கை வெக்காதீங்க. சன்னலத் தொறந்து போட்டா நாத்தம் தானா போயிடும்."

"நீ போய் சேலையக் கட்டும்மா. இதெல்லாம் ஆம்பள வேல."

பாவம், பெண்ணுக்குப் படபடப்பு என்று நினைத்துக்கொண்டார்.

முன் சீட்டுக்கு எதிரே இருந்த பெட்டியைக் கழற்றி, பின்னாலிருந்த பில்டரை உருவினார். வெள்ளைவெளேர் என்று இருந்தது. இத்தனை வருஷம் ஓடிய காரில் பில்டர் இவ்வளவு சுத்தமா! தன் பராமரிப்பை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது. முகர்ந்து பார்த்தார். லேசாக நாறியது.

"அழுக்குன்னா கண்ணுக்குத் தெரியும். நாத்தம் தெரியுமா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தை ஊற்றிக் குழாயடியில் நன்றாகத் தேய்த்தார். காகித பில்டர் அது. தண்ணீரில் ஊறிய ரொட்டியாகத் துவண்டது.

கொடியில் காயப்போட்டார். மழைக்கு வானம் இருட்டியது. சமையலறையில் ஓவன் அடுப்பு சூடாக இருந்தது. உள்ளே, வருகிறவர்களுக்காக பியாட்ரிஸ் வைத்த சூஜி கேக். மேல்தட்டு காலி. பில்டரை அதில் வைத்து மூடினார்.

கொஞ்ச நேரத்தில் பில்டர் அப்பளமாய்ச் சுருண்டது. காரில் மட்டும் இருந்த நாற்றம் வீடு முழுக்கப் பரவியது.

"என் கேக்கு!" என்று பியாட்ரிஸ் அலறினாள். ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, உடனே துப்பினாள். "எஸ்டேட்டையே ஓவன்ல வெச்சு வேக வெச்ச மாதிரி இருக்குங்க!"

அவள் அகப்பையைத் தேடுவதற்குள் ஸ்டானிஸ்லாஸ் பின்வாசல் வழியாக நழுவினார். ரயில் வரும் நேரம் நெருங்கிவிட்டது. வேலி ஓரத்தில் பண்டான் இலை செழித்து நின்றது. வாசனைக்கு எல்லாரும் சீட்டுக்கு அடியில்தான் போடுவார்கள். அவர் ஒரு படி மேலே போய், கைநிறையப் பறித்துப் பொடியாக நறுக்கி, பில்டர் இருந்த இடத்திலேயே திணித்தார்.

ஸ்டேஷனில் கோலினின் அம்மா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் மூக்கை உயர்த்தினார்.

"பண்டானா? நல்லாருக்கே."

பின்சீட்டில் கோலினும் புன்னகைத்தான். ஸ்டானிஸ்லாஸுக்குக் கண் கலங்கியது. கர்த்தர் கைவிடவில்லை.

"கொஞ்சம் புழுக்கமா இருக்குங்க. ஏர்கோனக் கூட்டுங்க," என்றார் அந்த அம்மா.

அவர் கூட்டினார். நறுக்கிய இலை அத்தனையும் விர்ரென்று பறந்து வந்து அந்த அம்மாவின் கொண்டையிலும் கண்ணாடியிலும் பட்டுச் சேலையிலும் ஒட்டிக்கொண்டது. இலை தீர்ந்ததும் கட்டிப்பால் நாற்றம் வந்தது.

"இந்த வண்டியில பில்டர் இருக்கா, இல்லையா?" தலைமைத் தாதியின் குரல் அது.

"இருந்துச்சுங்க. காலையில வரைக்கும் இருந்துச்சு. இதோ, போற வழியிலதான் கடை. சட்டுனு மாத்திருவோம்."

நான்கு சன்னல்களையும் இறக்கிவிட்டு புந்தோங்குக்கு ஓட்டினார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருந்த அம்மாவை ஓரக்கண்ணால் பார்க்கக்கூட அவருக்குத் தைரியமில்லை. ஆனாலும் நம்பிக்கை போகவில்லை. புது பில்டரைப் போட்டுவிட்டால் நாற்றம் போய்விடும். நாற்றம் போனால் பேச்சு சுமுகமாகும். பேச்சு சுமுகமானால் கல்யாணம்தான்.

கடை வாசலில் காரை நிறுத்தி, "தம்பி, இந்தக் காருக்கு ஏர்கோன் பில்டர் ஒண்ணு போடுப்பா, அவசரம்!" என்று கத்தினார்.

ஜெயபாலன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். காரைப் பார்த்தான். உள்ளே இருந்தவர்களுக்கு மரியாதையாக ஒரு வணக்கம் வைத்தான். பிறகு சன்னலில் குனிந்தான்.

"மறுபடியுமா? போன வாரம்தானேண்ணே கோப்பெங்ல கட்டிப்பால் யாவாரம் பண்ற உங்க மருமகன் தனேஷு, 'மாமா காரு, நல்லதா போடுங்க'ன்னு நம்ம ஜானிஸோட வந்து புதுசு மாத்திட்டுப் போனாரு!"