நாலு வீட்டு எருக்குழி

மனைவிக்கு வாக்குக் கொடுப்பதென்றால், நடக்கவே நடக்காத காரியமாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். நானும் அப்படிப் பார்த்துத்தான் கொடுத்தேன்.

"அலாவுதீன் பாய், பெர்னார்ட் அண்ணன், சுப்பையா. இந்த மூணு பேரும் என்னைக்கு எருக்குழி தோண்டுறாங்களோ, அன்னைக்கு நானும் தோண்டுறேன். போதுமா?"

"சத்தியமா?" என்றாள் தெரேசா.

"சத்தியமா!"

சொல்லிவிட்டு இரண்டாவது முறையாகச் சோறு போட்டுக்கொண்டேன். அவ்வளவு நிம்மதி. ஏனென்றால் அந்த மூவரையும் எனக்குத் தெரியும்.

சுங்கை பினாங் ஆற்றோரம் எங்கள் நாலு வீட்டுக்கும் வரிசையாகக் காய்கறித் தோட்டம். ரப்பர் விலை விழுந்து எல்லாருக்கும் வேலை போன பிறகு, கத்திரியும் கீரையும் போட்டுப் பாசார்ச் சந்தையில் விற்றுத்தான் நாலு அடுப்பும் புகைந்தது. அதற்கென்று ஒரு சங்கம் வைத்திருந்தோம். நான் தலைவர். மாலையானால் தோட்டத்துக் குப்பையெல்லாம் குவித்துக் கொளுத்துவோம். அந்தப் புகையில் கொசுக்கடி இல்லாமல் உட்கார்ந்து பேசுவோம். சங்கத்தின் வேலை அவ்வளவுதான். செடிக்கோ மூட்டையில் வரும் வெள்ளை உரம். அதிலே ஒரு வசதி, முதுகு வளையாமல் நின்றபடியே தூவலாம்.

ஆனால் அந்த வருஷம் மண் ஓடு மாதிரி இறுகிவிட்டது. என் கத்திரிக்காயைப் பாசாரில் ஒரு சீனத்து அம்மா உருட்டிப் பார்த்துவிட்டு, "சுண்டைக்காய் என்ன விலை?" என்று கேட்டாள். இன்னொரு போகமும் இப்படிப் போனால் மூட்டையைக் கட்டிக்கொண்டு சுங்கை பாக்காப்பில் மாமனார் வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

"கொளுத்துற குப்பையைக் குழியில போட்டு, சாணியும் மண்ணும் மாத்தி மாத்திப் போட்டு மூடினா எருவாயிடும். எங்கப்பா அப்படித்தான் செய்வாரு," என்பாள் தெரேசா.

"நாத்தம் அடிக்கும்."

"மேல மண்ணு போட்டா அடிக்காது."

"நாலு பேரு சிரிப்பாங்க."

"அந்த நாலு பேரும் தோண்டிட்டா சிரிக்க யாரு இருக்கா?"

இந்த இடத்தில்தான் நான் மேற்படி வாக்கைக் கொடுத்தது.

அதற்கப்புறம் தெரேசா எருவைப் பற்றி வாய் திறக்கவில்லை. குழாயடியில் தண்ணீர் பிடிக்கத்தான் அரைமணி நேரம் கூடுதலாக ஆனது. தண்ணீர் மெதுவாக வருகிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு புதன்கிழமை அவள் குடத்தை இறக்கிவைத்துக்கொண்டே சொன்னாள்.

"பாய் வீட்டுல குழி தோண்டிட்டாங்களாம். சுலைஹா அக்கா சொன்னாங்க."

சாயந்திரம், "பெர்னார்ட் அண்ணனும் தோண்டிட்டாராம். கேத்தரின் அக்காவே சொன்னாங்க."

மறுநாள், "சுப்பையா எப்பவோ தோண்டிட்டாராமே!"

வேலிவரைக்கும் போனேன். வேலியெல்லாம் ஆளுயரச் செம்பருத்தி. எட்டிப் பார்ப்பது தலைவருக்கு அழகில்லை. நேரே அலாவுதீன் பாயிடம் போனேன்.

"என்ன பாய், எருக்குழி..."

அவர் முகம் ஒரு கணம் என்னவோபோல் ஆனது. "குழியா? அதெல்லாம் எப்பவோ ஆச்சு தம்பி! உங்களுது?"

தலைவர் பின்தங்கலாமா? "எங்களுது அதுக்கும் முன்னாடி."

"அப்படித்தான் வீட்டுல சொன்னாங்க," என்றார் பாய், ஈனசுரத்தில்.

பெர்னார்ட் அண்ணன் இன்னும் ஒரு படி மேலே போனார். "உன் குழி எத்தனை அடி ஆழம்?"

"மூணு."

"என்னுது நாலு."

"நான் சொன்னது அகலம், அண்ணே."

"அப்படியா! ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்ததும் நாலு பேர் குழியையும் போய்ப் பார்த்திரலாம் லா!" சொல்லிவிட்டு அவரே ஏனோ நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஆக, எனக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை. விடிந்ததும் மண்வெட்டியை எடுத்தேன். தெரேசா காப்பியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ரொம்ப நாள் குழி மாதிரி தெரியணுமே," என்றேன் மூச்சு வாங்க.

"மேல சாம்பலைத் தூவிடுங்க. வயசு கூடித் தெரியும்."

சுற்றுப்புறத்தில் தொப்பு தொப்பென்று சத்தம்.

"அது என்ன சத்தம்?"

"கேத்தரின் அக்கா தேங்கா உடைக்கிறாங்க."

"காலையில இருந்தா?"

"பெரிய குடும்பமில்ல?"

ஞாயிறு வந்தது. தோட்டங்களைப் பார்க்கப் புறப்படுமுன் தலைவர் என்ற முறையில் மூவரோடும் கைகுலுக்கினேன்.

"ஆ!" என்றார் பாய். "ஐயோ!" என்றார் பெர்னார்ட் அண்ணன். சுப்பையா கையை உதறிக்கொண்டு குதித்தான். மூன்று பேரையும்விடப் பெரிதாகக் கத்தியது நான்.

நாலு பேரும் மெதுவாக உள்ளங்கையை விரித்தோம். எட்டுக் கையிலும் கொப்புளம். எட்டிலும் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும்.

"தலைவரே, நீங்க எப்பத் தோண்டினீங்க?" என்றான் சுப்பையா.

"நேத்து."

"நானும் நேத்துதான்."

"எனக்கும் நேத்துத்தான் முடிஞ்சது. பாதி முதுகும் அதோட முடிஞ்சது," என்றார் பாய்.

"அப்ப மொதல்ல தோண்டினது யாரு?" என்றார் பெர்னார்ட் அண்ணன்.

நாலு தலையும் குழாயடிப் பக்கம் திரும்பின. அங்கே நாலு பெண்கள். நாலு குடமும் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. ஒருத்தியும் வீட்டுக்குக் கிளம்பவில்லை.

"தெரேசா! பொய்தானே சொன்னே?"

"எது பொய்? எல்லாரும் தோண்டிட்டாங்கன்னு சொன்னோம். தோண்டிட்டீங்களா இல்லையா?"

"இப்பத்தானே தோண்டினோம்!"

"அப்ப உண்மைதானே? நாங்க மூணு நாள் முந்திச் சொல்லிட்டோம், அவ்வளவுதான்."

"பேசாம மூடிடலாமா தம்பி?" என்று பாய் என் காதில் கேட்டார்.

"மூடுறதுக்கும் மண்வெட்டியைத்தான் பிடிக்கணும் பாய்."

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். அன்று மாலை சங்கத்தில் கொளுத்தக் குப்பை இல்லை. எல்லாம் குழிக்குப் போய்விட்டது. கொசுக்கடியில் கூடி ஒரே ஒரு தீர்மானம் நிறைவேற்றினோம்: வாரம் ஒருமுறை குழியைக் கிளறிவிடுவது ஆண்கள் பொறுப்பு.

முன்மொழிந்தவர், சங்கத்தில் உறுப்பினரே அல்லாத திருமதி தெரேசா. வழிமொழிந்தவர், தலைவர்.