காதில் பஞ்சு வைத்த தவக்காலம்

நேர்த்தி வைக்கிறவர்கள் பக்கத்தில் ஒரு சட்டத்தரணியை வைத்துக்கொள்வது நல்லது. நான் தனியாக வைத்தேன். அதுவும் ஆஸ்பத்திரி நடைவழியில், ஒரு காலில் மட்டும் செருப்போடு.

என் மகள் அனிற்றா நாளுக்கு முந்திப் பிறந்தவள். பிறந்த உடனேயே அவளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். மூக்கில் குழாய், தலையில் அவளைவிடப் பெரிய தொப்பி. நான் கண்ணாடிக்கு வெளியே நின்று மடு மாதாவிடம் சொன்னேன்: "தாயே, பிள்ளை சுகமாய் வீட்டை வந்தா, வாற தவக்காலம் முழுக்க எனக்குப் பிடிச்ச பாட்டு ஒண்டும் கேக்க மாட்டன்."

சீனியை விட்டிருக்கலாம். மீனை விட்டிருக்கலாம். ஆனால் எனக்கு நொந்தால்தான் மாதாவுக்கு அது கணக்கு என்று நினைத்தேன். பாட்டில்லாமல் நான் ஒரு வெங்காயம்கூட உரித்ததில்லை. யாழ்ப்பாணத்தில் கம்பஸ் படித்தபோது ஒரே அல்பத்தை ஒரு தவணை முழுக்கக் கேட்டு, அறைத் தோழியை வேறு அறைக்கு மாறவைத்தவள் நான்.

பிள்ளை சுகமாக வந்தாள். தவக்காலமும் வந்தது. விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு கைபேசியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். வெள்ளிக்கிழமை காலையில் திறப்பைத் தேடினேன். (இடையில் ஒரு முழு வியாழக்கிழமை இருந்தது. அதையும் கணக்கில் எடுங்கோ.)

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. நான் விட்டது எனக்குப் பிடித்த பாட்டுகளை. பிடிக்குமா பிடிக்காதா என்றே தெரியாத பாட்டுகளைப் பற்றி மாதாவோடு ஒரு பேச்சும் நடக்கவில்லை. இதுவரை கேட்காத ஊர்களின், விளங்காத மொழிகளின் அல்பங்களைக் கேட்டால் அது ஒருவகையில் தபசுதானே? கஷ்டமாகத்தானே இருக்கும்?

முதல் இரண்டு நாளும் நன்றாகவே கஷ்டமாக இருந்தது. ஒரு குளிர்நாட்டு மனிதர் பியானோவின் ஒரே கட்டையை நாற்பது நிமிடம் அழுத்தினார். இன்னொருவர் மழையைப் பதிவுசெய்து அதற்குள் இருமினார். நான் புண்ணியவதி போல இடியப்பம் பிழிந்துகொண்டே கேட்டேன். மூன்றாம் நாள் இருமல்காரரின் ஐந்தாவது பாட்டில் என் கால்பெருவிரல் அசைந்தது. பிடித்துவிட்டதோ? பிடித்திருந்தால் இது இப்போது பிடித்த பாட்டு. உடனே நிறுத்தினேன். ஆனால் பிடித்த அந்த ஒரு கணம்? அதற்கு யார் பொறுப்பு?

ஒரு கொப்பி போட்டேன். மூன்று நிரல்கள்: "பிடிக்கவில்லை", "பிடிக்குமோ என்று பயம்", "பிடித்துவிட்டது, தடை". ஓர் அல்பம் இனிக்கத் தொடங்கும்போதே அதைவிட்டு அடுத்ததற்கு ஓடினேன். எதிலும் இருந்து ஆற முடியவில்லை. உலகத்தில் இவ்வளவு பாட்டு இருக்கிறது என்பதும் எனக்கு இவ்வளவு கெதியாக எல்லாமே பிடித்துவிடும் என்பதும் அந்தத் தவக்காலத்தில்தான் தெரிந்தன. பிள்ளைக்குத் தும்மல் வந்தாலும் கொப்பியைத் திறந்து எந்தப் பாட்டால் வந்தது என்று பார்த்தேன்.

தாங்க முடியாமல் பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மூன்று நிரல்கள் உட்பட. திரைக்கு அந்தப் பக்கம் கதிரை இரண்டுதரம் கிறீச்சிட்டது. பிறகு சுவாமி சொன்னார்: "பிள்ளை, வெளியிலை இன்னும் கொஞ்சப்பேர் நிக்கினம்."

இந்த நிலையில்தான் பாலைவனத்துப் பெண்கள் வந்தார்கள். எந்த நாடு என்று இன்றும் எனக்குச் சரியாகத் தெரியாது. முரசடித்து, கூட்டமாகக் கைதட்டி, அடிக்கடி குலவையிட்டுப் பாடுகிறார்கள். பிறந்ததிலிருந்து பகலில் தொடர்ந்து அரைமணி நேரம் தூங்காத என் மகள், தெருவில் கழுதை கத்தினால் உதடு பிதுக்கும் என் மகள், அந்த முரசுக்குக் கட்டைபோலத் தூங்கினாள். எனக்கோ அது முதல் நிமிடத்திலேயே பிடித்துவிட்டது. நேராக மூன்றாம் நிரல்.

இப்போது என்ன செய்வது? பாட்டைப் போட்டால் நேர்த்தி முறியும், பிள்ளைக்கு ஏதாவது ஆகும். போடாவிட்டால் பிள்ளை தூங்காது, தூங்காவிட்டாலும் பிள்ளைக்கு ஏதாவது ஆகும். ஒரு பகல் முழுக்க யோசித்து வழி கண்டேன். நேர்த்தி வைத்தது நான், பிள்ளையல்ல. பிள்ளை கேட்கட்டும். நான் கேட்கக் கூடாது, அவ்வளவுதான். பிள்ளையின் தொப்புள் துடைக்க வாங்கிய பஞ்சில் மிச்சம் இருந்தது. இரண்டு காதிலும் இறுக்கி அடைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. பரலோகம்.

ஒரு கிழமை அப்படிப் போனது. மாமி கூப்பிடுவது மட்டும் எனக்குக் கேட்கவில்லை. மாமி என்றால் என் கணவர் ஜூட்டின் அம்மா, எங்களோடுதான் இருக்கிறா. குசினியிலிருந்து இரண்டுதரம் கூப்பிட்டுவிட்டு மூன்றாம் தரம் என் முன்னால் வந்து நின்று முகத்தை உற்றுப் பார்ப்பா. நான் சிரிப்பேன்.

எங்கள் ஊர் பள்ளிமுனையில், நாங்கள் இருக்கிற ஒடுங்கிய ஒழுங்கையில், தவக்கால வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்கு வீடு சிலுவைப்பாதைச் செபம் நடக்கும். அந்த வெள்ளி எங்கள் வீடு. நடத்துகிறவ பிலோமினா அக்கா. அவ கண்ணை உயர்த்தினால் கோயில் பாடகர் குழுவே சுருதி மாற்றும். "படிச்ச பிள்ளை, நீயே வாசி" என்று செபப் புத்தகத்தை என்னிடம் தந்திருந்தா. நான் நாலு நாள் கண்ணாடிக்கு முன்னால் நின்று வாசித்துப் பழகினேன்.

ஆட்கள் வரத் தொடங்க அனிற்றா அழத் தொடங்கினாள். அறைக்குள் கொண்டுபோய், சின்ன ஸ்பீக்கரில் பாலைவனத்துப் பெண்களைப் போட்டு, காதில் பஞ்சை அடைத்தேன். பிள்ளை கண்ணை மூடவில்லை. கொஞ்சம் கூட்டினேன். இன்னும் கொஞ்சம். தூங்கினாள். ஜூட் கதவில் தலையை நீட்டி, வா வா என்று கையைக் காட்டினார்.

அங்கே நின்று யோசித்தேன். பாட்டை நிறுத்தினால் பிள்ளை எழும்பும், செபம் குழம்பும். பஞ்சை எடுத்தால் பாட்டு என் காதில் விழும், நேர்த்தி முறியும், அதுவும் சிலுவைப்பாதை நடக்கும்போது. வாசிக்கிறவளுக்கு எதற்குக் காது? வாய்தானே வேண்டும்? முக்காட்டை இழுத்துக் காதை மூடிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன். (எங்கடை வீட்டு அறைச் சுவர் கூரை வரைக்கும் போகாது. அதை நான் யோசிக்கேல்லை.)

பதினாலு நிலைகளில் முதலாம் நிலையை வாசித்தேன். என் குரல் எனக்குக் கேட்கவில்லை என்பதால் கொஞ்சம் எடுப்பாகவே வாசித்தேன். முன்வரிசையில் இருந்த கிழவர் ஒருவர் கதிரையோடு பின்னால் போனார். பிலோமினா அக்கா உள்ளங்கையைக் கீழே கீழே என்று ஆட்டினா. முழந்தாளிடச் சொல்கிறா என்று முழந்தாளிட்டேன். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு முழந்தாளிட்டார்கள். இரண்டு நிலைகள் அப்படியே போயின. அக்கா கையை மேலே மேலே என்று காட்டினா. குரலை உயர்த்தினேன்.

ஒவ்வொரு நிலைக்கும் இடையில் சனம் ஒரு பாட்டுப் பாடும். எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்று எனக்குத் தெரியவில்லை. வாய்கள் மூடினால் வாசிப்பேன். சிலவேளை அவர்கள் மூச்செடுக்கத்தான் மூடியிருந்தார்கள்.

நாலாம் நிலையில் நிமிர்ந்து பார்த்தேன். சனத்தின் தோள்கள் குலுங்கின. பெண்கள் முக்காட்டால் வாயை மூடியிருந்தார்கள். ஜூட்டின் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. என் வாசிப்பில் ஒழுங்கையே அழுகிறது! இன்னும் உருக்கமாக, அதாவது இன்னும் சத்தமாக, வாசித்தேன். கதிரையோடு பின்னால் போன கிழவரின் பாதம் மட்டும் ஏனோ ஒரு கணக்கில் நிலத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.

எட்டாம் நிலையில் ஆண்டவர் ஜெருசலேம் பெண்களைச் சந்திக்கிறார். பெண்கள் புலம்புகிறார்கள் என்று நான் வாசித்து முடித்த அந்த இடத்தில், அறைக்குள்ளிருந்து பாலைவனத்துப் பெண்கள் அத்தனை பேரும் ஒன்றாகக் குலவையிட்டார்களாம். இது பிறகு எனக்குச் சொல்லப்பட்டது. நான் கண்டதெல்லாம் பிலோமினா அக்கா எழும்பி நிற்பதும், மாமி அறைக்குள் ஓடுவதும், அணைத்த ஸ்பீக்கரைக் கையிலும் அனிற்றாவை இடுப்பிலும் வைத்துக்கொண்டு என் முகத்துக்கு நேரே வந்து வாயை அகலத் திறப்பதும்தான்.

"ஓம் மாமி," என்றேன் கம்பீரமாக. "எட்டாம் நிலைதான்."

மாமி திரும்பி எல்லோருக்கும் ஏதோ சொன்னா. சிரித்த முகங்கள் எல்லாம் ஒரேயடியாக இரக்க முகங்களாயின. நான் புத்தகத்தைக் கதிரையில் வைத்துவிட்டுக் குசினிக்கு ஓடிப் பஞ்சைப் பிடுங்கினேன். காது திறந்ததும் முதலில் கேட்டது பிலோமினா அக்காவின் குரல்: "எனக்குக் கனநாளாய் ஐமிச்சம். ரோட்டிலை கூப்பிட்டாலும் திரும்பாள்."

"சின்ன வயசு," மாமியின் குரல் உடைந்திருந்தது. "பிள்ளை பெத்த உடம்பு. எங்களுக்குச் சொல்லாமல் மறைச்சிருக்கிறாள்."

பிறகு ஒழுங்கை முழுவதும் சேர்ந்து, டிலானியின், அதாவது என், செவிப்புலனுக்காக ஒரு பரலோக மந்திரம் சொன்னது.

அந்த இடத்தில் வெளியே வந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் தவக்காலத்தில் முரசுப் பாட்டுப் போட்டவள் என்பதைவிடச் செவிடு என்பது மரியாதையாகப் பட்டது. பஞ்சைப் பிள்ளையின் துணிக்கூடைக்குள் போட்டுவிட்டு, பிளேன்ரீத் தட்டோடு, சோகமாகச் சிரித்தபடி வந்தேன்.

அடுத்த நாள் மாமி வெற்றிலையை விட்டா. எனக்குக் காது கேட்கும்வரை தொடுவதில்லை என்று மாதாவுக்கு நேர்த்தி. முப்பது வருஷம் போட்ட வெற்றிலை. மூன்றாம் நாள் மாமிக்குத் தலையிடி. ஐந்தாம் நாள் மீன்காரரோடு சண்டை. ஏழாம் நாள் ஜூட்டின் சேர்ட்டை அயர்ன் பண்ணும்போது காரணமே இல்லாமல் அழுதா.

"டிலானி," ஜூட் என் காதோடு வாயை வைத்துச் சொன்னார், "தயவுசெய்து உனக்குக் காது கேக்கட்டும். இல்லாட்டி அம்மா என்னைத் தின்றுபோடுவா."

ஒரு நேர்த்தியைக் காப்பாற்றப் போய் இன்னொருவரைப் பட்டினி போட்டிருக்கிறேன். இது எந்த நிரலிலும் வரவில்லை. அன்று பின்னேரம் மாமிக்குப் பக்கத்தில் போய் இருந்து, கண்ணாடிப் பெட்டியிலிருந்து பஞ்சு வரை முழுவதையும் சொன்னேன். கொப்பியையும் காட்டினேன். மாமி மூக்குக்கண்ணாடியைப் போட்டு நிரல் நிரலாகப் பார்த்தா.

"அப்ப உனக்குக் காது கேக்கும்?"

"ஓம் மாமி."

"முழுக்க?"

"ஓம்."

மாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினா. "செவ்வாய்க்கிழமை உன்னைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு நான் பிலோமினாவோடை கதைச்சது?"

"அதுவும் கேட்டது மாமி." (நல்ல பிள்ளைதான், ஆனால் சம்பலுக்கு உப்புப் போட முந்தியும் மூன்றுதரம் யோசிக்கும் என்று சொல்லியிருந்தா. கொஞ்சம் நீளமாகவே சொல்லியிருந்தா.)

மாமி கொப்பியை மூடி மடியில் வைத்தா. "பிள்ளை, மாதா என்ன ரீச்சரே, உன்ரை கொப்பியைத் திருத்திக்கொண்டிருக்க? பிள்ளையைப் பார். குண்டுக்கட்டியாய் இருக்கிறாள். நீ பிடிச்சதைக் கேட்டுத்தான் அவளுக்கு நோய் வருத்தம் வாறதெண்டா, ஊரிலை ஒரு பிள்ளையும் தப்பியிராது." பிறகு, என் காது முற்றாகச் சுகமானதால் தன் நேர்த்தி நிறைவேறிவிட்டது என்று அறிவித்து, வெற்றிலைக்கு ஆள் அனுப்பினா.

உயிர்ப்புப் பெருவிழாவன்று பூசை முடிந்து வந்ததும் என் பழைய பாட்டுகளை எல்லாம் வரிசையாகப் போட்டேன். ஒன்றிலும் மனம் நிற்கவில்லை. நாலு பாட்டுக்குப் பிறகு, கம்பஸில் என்னை அழவைத்த அந்தப் பாட்டுக்கு அனிற்றா வீரிட்டு அழ, பாலைவனத்துப் பெண்களைப் போட்டேன். தாயும் மகளும் கைதட்டினோம். மாமி குசினியிலிருந்து தாளம் பிழை என்றா.

பஞ்சுக் கதையை வீட்டுக்கு வெளியே சொல்ல வேண்டாம் என்பது மாமியின் தீர்ப்பு. ஆகவே ஒழுங்கையைப் பொறுத்தவரை நான் இன்றும் காது மந்தமானவள்தான். மூன்று வருஷமாகிறது. இறால் விற்கிறவர் என் காதுக்குள் குனிந்துதான் விலை சொல்கிறார். கோயிலில் எனக்கென்று ஒலிபெருக்கிக்கு நேர் கீழே ஒரு இடம் விட்டிருக்கிறார்கள்.

போன மாதம் மன்னார் ரவுனில் ஒரு மருந்துக்கடைக்குப் போனேன். கடையில் நின்ற பிள்ளை எங்கள் ஒழுங்கை. மெதுவாக, மிக மெதுவாக, எனக்கு வேண்டியதைச் சொன்னேன். அவள் அன்போடு மேசைக்கு மேலால் எட்டி என் காதருகே வந்து கத்தினாள்: "வயித்திலை பிள்ளையோ எண்டு பாக்கிறதோ அக்கா? ஒண்டோ, ரெண்டோ?"

பின்னால் நின்ற வரிசை முழுக்கக் கழுத்தை நீட்டியது. ஒன்றை வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஓடி வந்து ஓட்டோ பிடித்தேன்.

ஓட்டோவைவிடச் செய்தி வேகமாகப் போயிருந்தது. வீட்டுப் படலையில் மாமியும் அனிற்றாவும் நின்றார்கள். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டா. "பிள்ளை, இந்தமுறை ஒரு நேர்த்தியும் வைக்காதை. வைக்கிறதெண்டா என்னைக் கேட்டு வை."

எதிர்வீட்டு மதிலுக்கு மேலால் பிலோமினா அக்காவின் தலை எழும்பியது. ஒழுங்கையின் இரண்டு முனைக்கும் கேட்கிற குரலில் எனக்குச் சொன்னா: "டிலானி! பொடியனெண்டா நான்தான் ஞானத்தாய்!"

பெட்டி இன்னும் பிரிக்கப்படாமல் என் கைப்பைக்குள் இருந்தது.